சாக்குத்துணி முயல்

நாய்க்கு ஓடச் சொல்லிக் குடுக்கப் போறேன்னு ஊருக்குள்ள சொல்லிக்கிட்டுத் திரியிறியாமே மருமகனே. ரொம்ப சந்தோசம். அப்படியே நம்ம கண்மாய் மீனுக்கு நீச்சலும் கத்துக் குடுத்திரு, உனக்கும் பொழுது போகணும்ல.

நீ வாங்கிட்டு வந்திருக்கிறது சிப்பிப்பாறைக் குட்டி. அதோட பாட்டன் முப்பாட்டன் எல்லாம் இந்தக் கரிசக்காட்டுல முயலுக்குப் பின்னால பறந்துக்கிட்டிருந்தப்ப, உன் பாட்டனாரு வரப்புல உக்காந்து பீடி குடிச்சுக்கிட்டிருந்தாரு. யாரு யாருக்கு ஓட்டத்தைப் பத்திச் சொல்லணும்னு நீயே யோசிச்சுக்கோ. நாய்க்குப் பழக்கம் வேணாம்னு நான் சொல்லல. கயித்தை இழுக்கிற ஆளுக்குத்தான் முதல்ல பழக்கம் வேணும்ங்கிறேன். அந்த ஆளு நீதான்.

பேரு என்ன வச்சிருக்க? போல்ட்டா? ஒலிம்பிக்ல ஓடுனாரே, அவரு பேரா? நல்ல பேருதான். ஆனா அந்த மனுசன் உச்சத்துல ஓடுன வேகம் மணிக்கு 44 கிலோமீட்டர் சொச்சம். சீமை கிரேஹவுண்டு 70 வரைக்கும் தொடும். உன் நாயும் அதுக்குப் பங்காளி முறைதான். அதுக்குப் போயி மனுசன் பேரு வச்சு வேகத்தைக் குறைச்சிட்டியேப்பா.

கருவாட்டுத் தலையைத் துணியில கட்டி இழுத்தேன், மோந்து பாத்துட்டு அப்படியே உக்காந்துக்கிருச்சுன்னு உங்க அத்தைகிட்டப் புலம்புனியாம். அது உக்காராம வேற என்ன செய்யும்? இந்தச் சாதி நாய் கண்ணால வேட்டையாடுறது. தூரத்துல ஒண்ணு அசைஞ்சா போதும், காது பின்னால ஒட்டிக்கிரும், முதுகு வளையும், ஆளு இருக்காது. அசையாததுல நீ ஆட்டுத் தொடையையே கட்டி வச்சாலும் அது விருந்து, வேட்டை இல்ல. அமெரிக்காவுல இந்த மாதிரி நாய்களை வயல்ல ஓட விட்டுப் பாக்குறவங்க கயித்து நுனியில என்னத்தக் கட்டுறாங்க தெரியுமா? வெறும் வெள்ளைப் பிளாஸ்டிக் பை. நம்ம தமிழ்நாட்டுல 2019-லேயே தடை பண்ணுன பை, உன் வீட்டுக் கொல்லைவாசல்ல கட்டுக் கட்டாக் கெடக்கு, அது வேற விசயம். பை வேணாம்னா சிமெண்ட் சாக்குல ஒரு முழம் கிழிச்சுக் கட்டு. படபடன்னு அடிக்கணும், வெளுப்பாத் தெரியணும், அவ்வளவுதான். கருவாட்டை அத்தைகிட்டக் குடுத்துரு. எங்க போயி சேரணுமோ அங்க சேரும்.

வயசு என்ன ஆகுது? ஏழு மாசமா? ஏழு மாசத்துல பந்தயத்துக்குப் பேர் குடுத்திருக்கிற ஆளு நீ ஒருத்தன்தான் இருப்ப. ஒரு வயசு வரைக்கும் அதுக்கு எலும்பு நுனியெல்லாம் குருத்து. இப்ப முழு ஓட்டம் ஓட விட்டா முன்னங்கால் வளைஞ்சு போகும், அப்புறம் ஆயுசுக்கும் நொண்டும். இங்கிலாந்துல 15 மாசம் ஆகாத நாயைப் பந்தயத்துல இறக்கவே விட மாட்டான். அதுவரைக்கும் விளையாட்டு மட்டும். ஒரு நீளக் கம்பு, நுனியில சாட்டைக் கயிறு, அதுல சாக்குத்துண்டு. முத்தத்துல நின்னுக்கிட்டு இங்கிட்டும் அங்கிட்டும் தரையோட இழு. நாலு தாவு தாவட்டும், கடிக்கட்டும், உதறட்டும், நிப்பாட்டிரு. உனக்கு அலுக்குறதுக்கு முந்தி இல்ல, அதுக்கு அலுக்குறதுக்கு முந்தி. உனக்குத்தான் ரெண்டு நிமிசத்துல போன் ஞாபகம் வந்திருமே.

பெரிசானதும் சைக்கிள் வித்தை. பழைய சைக்கிள் ஒண்ணைத் தலைகீழாக் கவுத்து வை. பின்சக்கரத்து டயரு டியூபைக் கழட்டிரு. ரிம்முல நைலான் கயித்தைக் கட்டி அம்பது மீட்டருக்கு நேரா இழுத்துட்டுப் போயி, அந்த முனையில சாக்குத்துண்டைக் கட்டு. பெடலைக் கையால சுத்துனா கயிறு ரிம்முல ஏறும், துண்டு ஓடி வரும். சீமையில எத்தனையோ நாய் இப்படித்தான் ஓடிப் பழகுச்சு. மெல்லிசு நூலா மட்டும் வாங்கிராத, கத்தி மாதிரி அறுத்திரும். தடிச்ச கயிறே கால்ல உரசுனா தோலு உரியும். அதனால நாய் துண்டை எட்டுன நிமிசமே சுத்துறதை நிப்பாட்டிரணும், சுத்துற ஆளு நாயைப் பாத்துக்கிட்டுத்தான் சுத்தணும், வானத்தைப் பாத்துக்கிட்டு இல்ல.

இங்கதான் உன் சாமர்த்தியம் தெரியும். துண்டு நாய்க்குப் பத்து மீட்டர் முன்னால போய்க்கிட்டே இருக்கணும். ரொம்ப தூரம் விட்டா கண்ணுல இருந்து மறைஞ்சிரும், நாய் நின்னு உன்னைத் திரும்பிப் பாக்கும், அந்தப் பார்வை நல்லா இருக்காது. ரொம்பக் கிட்ட விட்டா பாதியிலேயே பாஞ்சு உருண்டு கழுத்தை ஒடிச்சுக்கிரும். நடுவுல வீடியோ எடுக்கணும்னு கையை எடுத்தியோ, துண்டு செத்துப் போச்சு. போன வாரம் மேலத்தெருப் பய ஒருத்தன் அப்படித்தான் கையை எடுத்தான். நாய் வந்து சாக்கைப் பாத்தது, சுத்திப் பாத்தது, காலைத் தூக்கி அது மேலயே ஒண்ணுக்கு அடிச்சிட்டுப் போயிருச்சு. அதோட அந்த நாய்க்கு அந்தத் துண்டு மேல இருந்த மரியாதை முடிஞ்சுது. வீடியோ மட்டும் நல்லா வந்திருக்குன்னான்.

ஓட்டக் கடைசியில கடிக்க விடு. உதற விடு. வந்ததும் வராததுமா வாயில இருந்து பிடுங்காத. கிட்டப் போயி தடவிக் குடுத்து, நீயும் பெரிய முயலைப் பிடிச்ச மாதிரி சத்தம் போட்டுக் கொண்டாடு. வெக்கப்படாத, உன்னைப் பத்தி ஊருக்குள்ள ஏற்கெனவே ஒரு அபிப்பிராயம் இருக்கு. தினம் தினம் ஓடவிட்டு, ஒருநாள்கூடப் பிடிக்க விடலேன்னா அது யோசிக்க ஆரம்பிச்சிரும். யோசிக்கிற நாய் பந்தயத்துக்கு ஆகாது. வட்டமான ஓடுதளத்துல சில நாய்ங்க என்ன செய்யும்னா, இந்த முயல் சுத்தித் திரும்பி இங்கதான வரும்னு கணக்குப் போட்டு, குறுக்கால வெட்டிக்கிட்டுப் போயி நிக்கும். உன் நாய்க்கு அந்த ஆபத்து இல்ல, உன்னைப் பாத்து வளருது.

உனக்கு மட்டும்தான் போன் பாக்கத் தெரியும்னு நினைக்காத. பேத்தி ராத்திரி எனக்கு வாசிச்சுக் காட்டுறா. கலிபோர்னியாவுல எமரிவில்லுங்கிற ஊர்ல ஓவன் ஸ்மித்னு ஒருத்தர் 1919-ல மோட்டார்ல ஓடுற பொய் முயலை வச்சு நாய்களை ஓட்டுனாராம். உசுரு முயலை விட்டு விரட்டிக் கொல்றது அவருக்குப் பிடிக்கல. 1926 ஜூலையில அந்தப் பொய் முயல் பந்தயம் இங்கிலாந்துக்குப் போச்சு, மான்செஸ்டர் பெல் வியூ மைதானம். முதல் பந்தயத்துல மிஸ்ட்லின்னு ஒரு நாய் 440 கஜத்தை 25 செகண்டுல ஓடி முடிச்சிருக்கு. நீ உங்க வீட்டு வாசல்ல இருந்து டீக்கடைக்குப் போக எடுத்துக்கிற நேரத்துல அது போயிட்டுப் போயிட்டு வந்திரும். அயர்லாந்துல பிறந்த மிக் தி மில்லருங்கிற நாய், 1929-லயும் 1930-லயும் டெர்பிங்கிற பெரிய நாய்ப் பந்தயத்துல ஜெயிச்சது, இன்னைக்கும் இங்கிலாந்துல டிரிங் ஊர் மியூசியத்துல பாடம் பண்ணி நிக்குது. இவ்வளவு பேரு புகழும் எதைத் துரத்தி வந்துச்சு? ஒரு பொம்மையை. ஒரு நாயாவது எனக்கு நிஜ முயல் வேணும்னு மனுக் குடுக்கல.

ஏன் சொல்றேன்னா, உன் கூட்டாளி ஒருத்தன் வருவான். துணியெல்லாம் எதுக்கு, ஒரு உசுரு முயலைப் பிடிச்சுக் கட்டி இழுத்தா நாய்க்கு வெறி ஏறும்பான். அவனுக்கு ஒரு டீ வாங்கிக் குடுத்து அனுப்பிச்சிரு. ஆஸ்திரேலியாவுல அப்படித்தான் செஞ்சானுங்க. பன்றிக்குட்டியையும் முயலையும் உசுரோட கட்டி இழுத்துப் பழக்குனதை ஒளிஞ்சிருந்து எடுத்த படத்தை 2015-ல டிவியில போட்டு நாறடிச்சிட்டாங்க. நம்மூர்ல அதுக்கு டிவி கூட வேணாம். 1972-ஆம் வருசத்து வன உயிர்ப் பாதுகாப்புச் சட்டம் இருக்கு, முயலும் அதுக்குள்ளதான். பாரஸ்ட்காரன் வந்தா நாய் ஓடித் தப்பிச்சிரும், நீதான் மாட்டுவ. நீ ஓடுறதை நான் பாத்திருக்கேன்ல.

பந்தயம்னதும் காசு கட்டுறதுக்கும் நாலு பேரு வருவாங்க. அந்தப் பக்கமே போகாத. காசு வந்ததும் நாயோட காலு கணக்குல இருக்காது. கால் ஒடிஞ்சது, தோத்ததும் கேக்க ஆளில்லாமப் போனதுன்னு கணக்குக் கூடிப்போயி, புளோரிடாவுல 2018-ல சனங்களே ஓட்டுப் போட்டு மூடச் சொல்லிட்டாங்க. 2020 முடியிறதுக்குள்ள அங்க நாய்ப் பந்தயம் முடிஞ்சுது. நம்மூர் பொங்கல் பந்தயத்துல ஒரு சில்வர் குடம் குடுப்பாங்க, அதுக்கு ஓட்டு. குடம் வரலேன்னாலும் உன் வீட்டுல குடத்துக்குப் பஞ்சமா?

இப்ப முக்கியமான சங்கதிக்கு வர்றேன், கொஞ்சம் காதைக் குடு. எந்த இடத்துல ஓட்டப் போற? மேலக்காட்டு ஓடைப் புஞ்சையிலயா? வேணாம். நம்ம கரிசலு பங்குனி சித்திரையில வாயைப் பிளந்துக்கிட்டுக் கெடக்கும். ஒவ்வொரு வெடிப்பும் ஒரு சாண் ஆழம், அதுக்கு மேலயும் இருக்கும், மேல சருகு மூடியிருந்தா கண்ணுக்குத் தெரியாது. நாலு காலும் தரையில படாமப் பறக்குற ஓட்டம் அது. ஒரு தாவலுக்கு ரெண்டு தடவை அந்தரத்துல நிக்கும். அந்தரத்துல இருந்து வெடிப்புக்குள்ள முன்னங்கால் இறங்குச்சுன்னா, சத்தம் உனக்கு நூறு மீட்டர் தள்ளிக் கேக்கும். மழை பெஞ்ச மறுநா போகலாம்னா அதுவும் ஆகாது. ஈரக் கரிசல் பாதத்துல அப்பி, காலு ஒவ்வொண்ணும் அரைக்கிலோ கூடிரும். மழை பெஞ்சு நாலஞ்சு நா காஞ்ச கண்மாய்த் தரை, அல்லது செம்மண் பொட்டல், அதுதான் தோதான இடம். அங்கயும் சீமைக்கருவேல முள்ளு கெடக்கும். அதுக்கு ஒரு பரிசோதனை இருக்கு. நாயை ஓட விடுறதுக்கு முந்தி, கயிறு போற பாதை முழுக்க நீ செருப்பில்லாம ஒரு தடவை நடந்து போ. நீ கத்தாம அந்த முனைக்குப் போயிட்டா நாயை அவிழ்த்து விடு.

நேரா ஓடப் பழகுன பிறகுதான் வளைவு. விடிஞ்சதும் ஓட்டு, வெயில் ஏறுனா விடு. நாக்கு அகலமாத் தொங்கி நுனி சுருண்டுச்சுன்னா அன்னைக்கு அவ்வளவுதான். வயித்துல சோறு இருக்கையில ஓட்டாத, வயிறு முறுக்கிக்கிரும். ஓடுன உடனேயும் போடாத. கொஞ்ச நேரம் நடக்க விட்டு, கொஞ்சம் கொஞ்சமாத் தண்ணி காட்டி, மூச்சு இறங்குன பிறகு கம்மங்கூழு, ரெண்டு முட்டை, கிடைச்சா ஆட்டுக்குடலு. நீ வாங்கி வச்சிருக்கியே, வெள்ளைக்காரன் படம் போட்ட சத்துமாவு டப்பா, அதை நீ சாப்பிடு. உனக்குத்தான் சைக்கிள் பெடல் சுத்துற வேலை இருக்கு.

ஒண்டியா நல்லா ஓடுறதை வச்சு ஏமாந்திராத. பக்கத்துல இன்னொரு நாயி ஓடுறப்ப, துண்டை விட்டுட்டு அது கழுத்தைக் கவ்வப் போற நாய்ங்க உண்டு. சீமையில அப்படி வம்புக்குப் போற நாயை ஓட்டத்தை விட்டே தள்ளி வச்சிருவான். வாய்க்கூடை போட்டு, சாதுவா ஒரு வயசான நாயோட ரெண்டு மூணு தடவை ஓட்டிப் பாரு. தபால்காரர் வீட்டுக் கன்னி நாய் இருக்குல, கருப்பி, அதைக் கேட்டுப் பாரு. அது துண்டைத் தவிர எதையும் பாக்காது. தபால்காரரையே பாக்காது.

சைக்கிளுக்கு எங்க போவேன்னு முழிக்காத. தொழுவத்துல என்னோட பழைய வண்டி சாத்திக் கெடக்கு, எடுத்துக்கோ. வாடகையெல்லாம் வேணாம், சொந்தத்துக்குள்ள என்ன வாடகை. நாளைக்கு உன் நாய் குட்டி போட்டா செவலையில ஒரு கடுவன் எனக்கு, அதுவும் நான் பொறுக்குறதுதான். கழட்டுற டயரைப் பத்திரமாக் கொண்டாந்து குடுத்திரு. ஒண்ணு மட்டும் ஞாபகம் வச்சுக்கோ, அந்த சைக்கிள்லதான் உங்க அத்தை மில்லுக்கு மாவரைக்கப் போறா. அவ கேட்டா, நீ கேக்காம எடுத்துட்டுப் போயிட்டன்னுதான் நான் சொல்லுவேன்.