பன்னிக்குத்தானா மாப்ள?

வா மாப்ள, உக்காரு. துப்பாக்கி லைசென்சுக்கு மனுப் போடப் போறியாமே? கொய்யாச் சந்தையில நீ பெட்டிய இறக்குறதுக்குள்ள சேதி எங்காதுக்கு வந்துருச்சு. எதுக்குன்னு கேட்டா, பன்னிக்குங்கிற. சரி, பன்னிக்கே இருக்கட்டும்.

பன்னி சங்கதி உனக்கு முழுசாத் தெரியாது. 2025 ஆரம்பத்துல கவர்மெண்டு ஒரு உத்தரவு போட்டுச்சு. காப்புக்காட்டு எல்லையில இருந்து 1 கிலோமீட்டருக்குள்ள பன்னியச் சுடவே கூடாது. 1 தாண்டி 3 வரைக்கும் பிடிச்சுக் காட்டுல விடணும். 3 தாண்டினாத்தான் சுடலாம், அதுவும் பாரஸ்ட்காரங்கதான் சுடணும். உன் தோப்போ வரதமாநதி அணைப் பக்கம். நடுச்சாமத்துல டார்ச்ச அடிச்சு, "அய்யா, எத்தனையாவது கிலோமீட்டர்ல நிக்கிறீங்க?"ன்னு பன்னிகிட்டக் கேட்டுக்கிட்டு நிப்பியா?

லைசென்சு மட்டும் லேசாக் கெடைக்குமா? கலெக்டருக்கு மனு, போலீசு விசாரணை, துப்பாக்கியப் பத்திரமாக் கையாளப் பழகுனதுக்கு ஒரு சர்ட்டிபிகேட்டு, 5 வருசத்துக்கு ஒருக்கா புதுப்பிக்கிறது. எலக்சன் வந்தாக் கொண்டுபோய் ஸ்டேசன்ல ஒப்படைக்கணும். சட்டமன்றம், பாராளுமன்றம், உள்ளாட்சின்னு நம்ம நாட்டுல எலக்சனுக்கா பஞ்சம்? உன் துப்பாக்கி உன்னைவிட ஏட்டையாவோடதான் அதிகம் பழகும்.

ஆயுதத்துக்குக் கட்டுப்பாடு நம்ம சீமைக்குப் புதுசும் இல்ல. பக்கத்து விருப்பாச்சிப் பாளையக்காரர் கோபால நாயக்கர வெள்ளைக்காரன் 1801ல தூக்குல போட்டான். அந்த வருசம் டிசம்பர்லயே தெக்கத்திப் பாளையத்துல எவனும் ஆயுதம் வச்சிருக்கக் கூடாதுன்னு மெட்ராஸ் கவர்னர் அறிக்கை விட்டாரு. 1878ல லைசென்சுச் சட்டம். இப்ப இருக்குற 1959 சட்டம் அதுக்குப் பேரன்.

போன வாரம் உன் மச்சானும் உன் மகனும் இந்தத் திண்ணையிலதான மல்லுக்கட்டுனாங்க? துப்பாக்கி இருக்கப் போய்த்தான் அமெரிக்காவுல இத்தனை சாவுங்கிறான் உன் மகன். கொல்றது மனுசன், துப்பாக்கி என்ன பண்ணும்ங்கிறான் மச்சான். நான் ரெண்டு பேருக்கும் தலையாட்டுனேன். காப்பி வர்ற நேரம் பாரு.

மகன் சொல்றதுலயும் கணக்கு இருக்கு. அமெரிக்காவுல 100 பேருக்கு 120 துப்பாக்கின்னு 2017ல கணக்கெடுத்தாங்க. நம்ம நாட்டுல 100 பேருக்கு 5 பக்கம். 2022ல அங்க லட்சம் பேருக்கு 6 கொலைக்கு மேல, இங்க 2 சொச்சம். மச்சான் விட்டானா? சுவிட்சர்லாந்தைத் தூக்கிக்கிட்டு வந்தான். அங்க 100 பேருக்கு 27 துப்பாக்கி, கொலை லட்சத்துக்கு ஒண்ணுகூட இல்ல. ஹோண்டுராஸ்ல அதுல பாதித் துப்பாக்கிதான், 2011, 12ல கொலை லட்சத்துக்கு 80ஐத் தாண்டுச்சு. அங்க போதை மருந்துக் கடத்தல், கோஷ்டிச் சண்டை, கேட்க நாதியில்லாத போலீசு. ஆனா சுவிட்சர்லாந்துல பட்டாளத்துத் துப்பாக்கி வீட்டுல இருந்தாலும், 2007க்கு அப்புறம் தோட்டாவக் கிடங்குக்குத் திருப்பி வாங்கிட்டாங்கங்கிறத மச்சான் முழுங்கிட்டான். நானும் எடுத்துக் குடுக்கல. காப்பி அப்பத்தான் வந்துச்சு.

நம்மூருக்கு வருவோம். 2022ல நாடு பூரா 28,522 கொலை, தமிழ்நாட்டுல 1,690. நாட்டுக் கணக்குல ஆதாயத்துக்குன்னு நடந்தது 1,884. முன்விரோதம் 3,761. வெறும் தகராறுல செத்தது 9,962! வரப்பு, வாய்க்கா, சொத்து, கொடுத்த காசு. கொள்ளைக்காரனுக்குப் பயந்து கதவுக்குத் திண்டுக்கல் பூட்டு தொங்குது. கொல்றவனோ கல்யாணப் பத்திரிகை வச்சு நாம கூப்பிட்ட ஆளா இருக்கான்.

உங்கப்பனும் பக்கத்துத் தோட்டத்துக்காரனோட அப்பனும் மடைத் தண்ணிக்கு அரிவாள ஓங்குன கதை உனக்குத் தெரியுமா? நான் வரப்புமேல நின்னேன், கிட்டப் போகத் தைரியமில்ல. உங்க அப்பத்தாதான் குறுக்க பூந்து ரெண்டு கையிலயும் மண்ண வாரி ரெண்டு பேரு மூஞ்சியிலயும் வீசினா. ஒருத்தன் மடைத் தண்ணியில மூஞ்சியக் கழுவுறான், இன்னொருத்தன் துண்டால கண்ணத் தொடைக்கிறான். கண்ணு தெளியுறதுக்குள்ள கோவம் இறங்கிப் போச்சு. மறு மாசம் ரெண்டு பேரும் ஒரே வண்டியிலதான் சந்தைக்குப் போனாங்க. அரிவாள்னா கிட்ட வந்தாத்தான் வெட்ட முடியும், அதுக்குள்ள ஒரு கிழவிக்கு நேரம் இருக்கும். தோட்டாவுக்கு எந்தக் கண்ணுல மண்ணத் தூவுறது?

2020 நவம்பர்ல நம்ம பழனியிலயே நடந்துச்சே, மறந்துட்டியா? எடத் தகராறு. லைசென்சு வச்சிருந்த வசதியான பெரிய மனுசன், துப்பாக்கிய எடுத்து ரெண்டு பேரச் சுட்டாரு. ஒருத்தர் பொழைக்கல. அவரும் மனுப் போட்டு, விசாரணையெல்லாம் முடிஞ்சு வாங்குனவருதான். மனுவுல கோவத்துக்குன்னு ஒரு கட்டம் கெடையாது பாரு.

அதான் கேக்குறேன், பன்னிக்குத்தானா? பன்னி நாலு வருசமா வருது. லைசென்சு நெனைப்பு உனக்கு வந்தது, பக்கத்துத் தோட்டத்துக்காரன் கம்பிவேலியத் தள்ளிப் போட்ட மறுநாளு. முழிக்காத, எனக்குத் தெரியும்.

அளக்குறதுக்குப் பணத்தக் கட்டி சர்வேயர வரச் சொல்லு. துப்பாக்கி விலையில அது தூசு. புலப்படத்த வச்சு அளந்து, கல்ல நட்டுக்க. அரை அடி அவன் பக்கம் போச்சுன்னா போகட்டும், உன் பக்கம் வந்துச்சுன்னா வாயத் தொறக்காத. முடிச்ச கையோட ஒரு பெட்டி லக்னோ கொய்யாவ அவன் வீட்டுல இறக்கிட்டு வா. அவன் வேண்டாம்னு சொல்லிட்டா நேரா இங்க கொண்டாந்துரு. பல்லு இல்லதான், நல்லாப் பழுத்ததாப் பாத்து எடு.