பிணம் இல்லாத தொடர்

புவனகிரி வெள்ளாற்றுப் பாலத்தருகே டீக்கடையில் வெப் தொடருக்கு மதிப்பெண் போடும் முறை எளிது: பிணம் உண்டா, இல்லையா? 2022-இல் வந்த ‘விலங்கு’, ‘சுழல்’, ‘வதந்தி’ மூன்றும் தேர்ச்சி. கதையில் ஒரு உயிர் போனால்தான் நம் ஓடிடிக்கு உயிர் வருகிறது. ‘சுழல்’ மயானக் கொள்ளைத் திருவிழாவையும் சேர்த்துக்கொண்டதால் கூடுதல் மதிப்பெண்.

2023 ஜனவரியில் ‘அயலி’ வந்தது. அதில் புதுக்கோட்டைப் பக்கத்துச் சிறுமி, வயதுக்கு வந்ததை மறைத்துப் பள்ளிக்கூடம் போகிறாள், டாக்டராக வேண்டுமாம்.

“கொலையே இல்லியா? அப்ப குத்தவாளி யாரு?” என்றார் டீக்கடையில் இருந்த பெரியவர்.

“ஊருதான் தாத்தா.”

“அத நாம தெனம் பாக்குறோமே, அதுக்கு எதுக்குடா சந்தா?”