கைப்பை காட்டிய கருணை

2008 செப்டம்பர் 15-ல் நியூயார்க்கின் முதலீட்டு வங்கி லேமன் பிரதர்ஸ் திவாலானது. ஐந்து வாரம் கழித்து, அதே நியூயார்க்கின் சென்ட்ரல் பார்க்கில், வெள்ளை வெளேரென்று ஒரு நடமாடும் கலைக்கூடத்தைத் திறந்தது பிரெஞ்சு ஃபேஷன் கம்பெனி ஷனேல். கட்டடக் கலைஞர் ஸாஹா ஹதீத். உள்ளே இருந்த கலைப்படைப்புகளுக்கெல்லாம் தூண்டுதல், கம்பெனியின் புகழ்பெற்ற கைப்பை. அனுமதி இலவசம். பணத்தைத் தொலைத்த ஊருக்கு, பணம் வைக்கிற பையையாவது காட்டுவோமே என்ற நல்ல மனசு!

சென்னைக்கு அருகே கார் ஆலைகள் நிறைந்த ஒரகடம் பக்கம் மந்தம் வந்தால் சம்பிரதாயம் வேறு. முதலில் ஓவர்டைம் போகும், பின்னாலேயே காண்ட்ராக்ட் பையன்கள். 2019-ல் கார் விற்பனை படுத்தபோது சென்னை வட்டார ஆலைகள் 'உற்பத்தியில்லா நாள்' அறிவித்தன. அந்த வட்டாரத்து மண்ணூரில் ஷிப்ட் பஸ்ஸுக்கு நிற்கிறவரைக் கேளுங்கள்: ஆர்டர் இல்லாத மாசத்தில் கம்பெனி பந்தல் போட்டுப் பார்த்திருக்கிறாரா? ஆயுதபூஜைப் பொட்டலத்தில் ஸ்வீட் குறைந்து பொரி கூடியதைத்தான் பார்த்திருப்பார்.

ஷனேலும் கடைசியில் கணக்குப் பார்த்தது. 2008 டிசம்பரிலேயே மிச்சச் சுற்றுப்பயணம் ரத்து. கூடத்தைப் பிற்பாடு பாரிஸிலுள்ள அரபு உலக நிறுவனத்துக்குத் தானமாகக் கொடுத்துவிட்டார்கள். தானம் கொடுக்கிற பழக்கம் நம் பக்கம் இல்லை. 2014-ல் நோக்கியா மூடிய ஸ்ரீபெரும்புதூர் ஆலைக்கு 2019-ல்தான் சார்ஜர் தயாரிக்கும் சால்காம்ப் வந்தது, அதுவும் விலைக்கு.