அறை அறையாக ஒரு செயலி

ஓசூர் சிப்காட் பட்டறையில், பாகத்தைப் பிடித்து நிறுத்தும் ஜிக் தயாரான பிறகுதான் பாகத்தில் கை வைப்பார்கள். அத்திப்பள்ளி தாண்டி பெங்களூருக்குச் செயலி எழுதப் போகும் ஓசூர்ப் பிள்ளைகளும் அப்படியே. செயலி எழுதும் ஃப்ளட்டர் கருவியில் ஒரே கட்டளை: ஆண்ட்ராய்டு, ஐஓஎஸ், வெப், விண்டோஸ் என ஆளுக்கொரு ஃபோல்டர் வந்துவிடும். கூடவே, பொத்தானை அழுத்தினால் எண் கூடும் மாதிரிச் செயலி. கூடுகிறதா என்று பார்க்க ஒரு டெஸ்ட். போதாதென்று நம்மவர் கோர், டேட்டா, டொமைன், ஷேர்டு என்று அறைகள் எழுப்புகிறார். லாகின் திரையா? அது அடுத்த மாதம்.

ஐபோனின் உடற்கூடு செய்யும் டாடா ஆலை ஓசூர் இருக்கும் இதே கிருஷ்ணகிரி மாவட்டத்தில்தான் இருக்கிறது. ஆனால் ஐஓஎஸ் ஃபோல்டரை யாரும் தொடுவதில்லை. அதற்கு மேக் கணினி வேண்டுமே! ஒருவழியாக டெம்ப்ளேட் முடிந்தது. செயலியின் பேக்கேஜ் பெயர் மட்டும் இன்னும் ‘காம் டாட் எக்ஸாம்பிள்’. அந்தப் பெயரோடு போனால் பிளே ஸ்டோர் வாசலிலேயே திருப்பி அனுப்பும்.