சேமித்தாயிற்று!
சில கட்டளைவரிக் கருவிகள் அமைப்புகளைச் சேமிக்கும் அழகே அழகு. முதலில் பழைய கோப்பைக் காலியாக்கும். பிறகுதான் புதியதை எழுதத் தொடங்கும். குடியிருக்கும் வீட்டை இடித்துவிட்டு மனை தேடுகிற சாமர்த்தியம்! நடுவில் கரண்ட் போனால் மிஞ்சுவது பூஜ்யம் பைட்.

2009-இல் லினக்ஸின் எக்ஸ்ட்4 கோப்பு முறைமையில் இப்படிச் சிலரது அமைப்புகள் காலியானபோது, நிரல்காரர்கள் கோப்பு முறைமையைக் கைகாட்டினார்கள். அந்தத் தரப்போ நிரல்களைக் கைகாட்டியது. கோப்பு மட்டும் யாரையும் குறை சொல்லவில்லை. அதில்தான் ஒன்றுமே இல்லையே!

மருந்து எளிது: தற்காலிகக் கோப்பில் எழுது, வட்டில் இறங்கியதா என்று உறுதிசெய், பிறகு பெயரை மாற்று. பதிப்புக் கட்டுப்பாட்டுக் கருவியான ‘கிட்’ (Git) கூடத் தன் அமைப்பைப் பூட்டுக் கோப்பில் எழுதித்தான் பெயர் மாற்றுகிறது. திருத்தம் மூன்று வரி. வெளியீட்டுக் குறிப்பிலோ அதற்குப் பெயர், ‘மேம்படுத்தப்பட்ட சேமிப்பு அனுபவம்’.