இரட்டைக் கிராபிக்ஸ் கார்டுக் கணினிக்கு எத்தனை வாட்: விதியும் புறனடையும்

கணினிக்குள் இரண்டு கிராபிக்ஸ் கார்டுகளைக் குடிவைப்பவருக்கு எத்தனை வாட் எஸ்.எம்.பி.எஸ். வேண்டும்? 'கண்ணை மூடிக்கொண்டு ஆயிரம்' என்பார் ஒரு சாரார். 'கேபினெட்டோடு வந்ததே போதும்' என்பார் மற்றொரு சாரார். முன்னவர் கணக்கே போடாதவர். பின்னவர் கணக்குப் போட்டுப் பார்த்து, விலை தெரிந்ததும் கணக்கைத் திருத்திக்கொண்டவர். இருவரையும் மறுப்பது இவ்வாய்வின் நோக்கம்.

பொருளின் தோற்றம் 1998. அந்த ஆண்டு வந்த 3டிஎஃப்எக்ஸ் நிறுவனத்தின் வூடூ2 கார்டுகள் இரண்டைக் கோத்தால், திரையின் கோடுகளை ஒன்றுவிட்டு ஒன்றாகப் பங்கிட்டு வரைந்தன. மின்சாரம் அப்போது யாருக்கும் கவலை இல்லை. அதே நிறுவனம் 2000இல் உருவாக்கிய வூடூ5 6000 நான்கு சிப்புகளும் தனக்கென வெளியே ஓர் அடாப்டருமாக நின்றது. கல்யாண வீட்டுக்குக் கட்டுச்சோற்றோடு வந்த விருந்தாளி. பாவம், அது கடைக்கே வரவில்லை. 2004இல் என்விடியாவும் 2005இல் ஏ.டி.ஐ.யும் இரட்டைக் கார்டு முறையை மீண்டும் நடைமுறைக்குக் கொண்டுவந்தன. வாட் தகராறு சூடுபிடித்தது அதற்குப் பிறகுதான்.

இத்துறையின் மூல விதி எளிது. மதர்போர்டின் பி.சி.ஐ. எக்ஸ்பிரஸ் ஸ்லாட் 75 வாட் தரும். ஆறு பின் இணைப்பு இன்னொரு 75. எட்டு பின் இணைப்பு 150. ஆகவே இரண்டு எட்டு பின் கொண்ட கார்டு 375 வாட்டுக்குள் அடங்க வேண்டும். விதி என்றால் புறனடை வேண்டுமே! 2014இல் ஏ.எம்.டி. வெளியிட்ட ஆர்9 295எக்ஸ்2, ஒரே பலகையில் இரண்டு சிப்புகளை வைத்து, 500 வாட் கேட்டது. எட்டு பின் இணைப்புகளோ இரண்டே இரண்டு. ஒவ்வொன்றும் 28 ஆம்பியர் தரவேண்டும் என்றது அந்நிறுவனம். பன்னிரண்டு வோல்ட்டில் அது 336 வாட். விதி சொன்ன 150ஐப் போல இரு மடங்குக்கும் மேல்.

இனி நடைமுறை. இன்று இரண்டு கார்டு மாட்டுபவர்களில் பலர் விளையாட்டுக்காரர்கள் அல்லர். வீட்டிலேயே மொழி மாதிரிகளை ஓட்டிப் பார்ப்பவர்கள். 24 ஜி.பி. நினைவகம் கொண்ட ஆர்.டி.எக்ஸ். 3090 இரண்டு இருந்தால் 48 ஜி.பி. கிடைக்கும் என்பது அவர்கள் கணக்கு. கார்டுக்கு 350 என இரண்டுக்கும் 700 வாட். ரைசன் 9 5950எக்ஸ் பிராசசரின் பெட்டியில் 105 என்று இருக்கும். முழு மூச்சில் அது 142 வரை எடுக்கும். மதர்போர்டு, ரேம், எஸ்.எஸ்.டி., ஃபேன் எல்லாம் சேர்ந்து ஒரு நூறு. ஆக 942. ஆயிரம் வாட் கட்சியினர் இங்கே கைதட்டுவார்கள்.

தட்டட்டும். 3090 கார்டுக்கு ஒரு குணம் உண்டு: சில மில்லி செகண்டு நேரம் தன் 350ஐ வெகுவாகத் தாண்டித் துள்ளும். இரண்டும் ஒரே கணத்தில் துள்ளினால் எஸ்.எம்.பி.எஸ். தன்னைக் காத்துக்கொள்ள 'டக்' என்று அணையும். திரை இருளும், ஃபேன்கள் நிற்கும், பவர் பட்டனை அமுக்கினாலும் அசையாது; பின்னால் உள்ள சுவிட்சை அணைத்துச் சற்றுப் பொறுத்துப் போட்டால்தான் உயிர் வரும். விண்டோஸ்மீது பழிபோட்டு அதை மறுபடி நிறுவுவோர் உண்டு. பாதிக் குற்றம் இந்தத் துள்ளலில்தான். 1200 என்பது நிம்மதியான எண்.

ஆனால் எந்த 1200? பெட்டிமேல் அச்சிட்ட எண்ணில் காரணப்பெயரும் உண்டு, இடுகுறிப்பெயரும் உண்டு. பிரித்தறிய, பக்கவாட்டு ஸ்டிக்கரில் 12 வோல்ட் கட்டத்தைப் படிக்க வேண்டும். முகப்பில் 500 என்றிருக்க, கட்டத்தில் 18 ஆம்பியர்தான் என்றால், பெருக்கினால் 216 வாட். மிச்சமெல்லாம் பெரும்பாலும் கார்டுகளுக்கு உதவாத 5 வோல்ட், 3.3 வோல்ட் வகையறா. உண்மையான 1200 வாட் சாதனம் 12 வோல்ட்டில் 100 ஆம்பியரை ஒட்டித் தரும். எட்டு பின் வயர்கள் எத்தனை என்றும் எண்ண வேண்டும்: கார்டுக்கு இரண்டு அல்லது மூன்று, ஆக நான்கு முதல் ஆறு. ஒரே வயரின் நுனியில் இரண்டு பிளக் தொங்குவதை இரண்டு என்று எண்ணுவது கள்ள ஓட்டு.

'1200 வாட் வாங்கினால் மீட்டர் ஓடாதா?' என்று வீட்டில் எழும் ஆட்சேபத்துக்கும் விடை சொல்ல வேண்டும். ஓடாது, கேட்ட அளவுதான் எடுக்கும். ஆனால் '80 பிளஸ்' முத்திரை திறனைக் குறிப்பது. 90 சதவீதத் திறனில் 942 வாட்டை வெளியே தர, சுவரிலிருந்து ஏறக்குறைய 1,047 வாட் இழுக்கும். 230 வோல்ட்டில் அது நாலரை ஆம்பியர். மாலையில் வோல்டேஜ் 200க்கு இறங்கினால் ஐந்தேகால். ஆறு ஆம்பியர் பிளக்கில் எக்ஸ்டென்ஷன் போட்டு, மானிட்டரையும் அதிலேயே செருகினால் பிளக் சூடாகும். அயர்ன் பாக்ஸுக்கும் கீசருக்கும் ஒதுக்கிய 16 ஆம்பியர் பாயிண்ட்தான் இதற்கும் இடம்.

மேஜைக்கடியில் உள்ள 600 வி.ஏ. யு.பி.எஸ். பொதுவாகத் தருவது 360 வாட். ஒரு கார்டுக்குக் கொடுத்தால் மீதி பத்து.