மூன்று டிகிரி ஆசாமி

கனடாவின் விஸ்லர் மலையையும் பக்கத்திலுள்ள பிளாக்கோம்ப் மலையையும் இணைத்து 2008-இல் ஒரு கேபிள் கார் ஓடத் தொடங்கியது. 4.4 கிலோமீட்டர் தூரம், 11 நிமிடப் பயணம், பெட்டிக்கு 28 பேர். கதவு மூடிவிட்டால் நடுவில் இறங்க வழியில்லை. ஸ்னோபோர்டு ஓட்டுகிறவர்களில் ஒரு வகை ஆசாமிக்கு இதைவிடப் பெரிய வரம் வேறில்லை. எல்லோரும் கண்ணாடி வழியே பனிமலையைப் பார்த்துக்கொண்டிருக்க, அவர் மட்டும் உங்கள் பலகையைப் பார்ப்பார். பிறகு முட்டியை. அப்புறம் முகத்தை, துக்கம் விசாரிக்க வந்தவர் மாதிரி.

"பின்னங்கால் மைனஸ் பதினஞ்சா?"

ஆமாம் என்றாலும் சரி, தெரியாது என்றாலும் சரி, அவரிடம் ஒரே பதில்தான்: "நெனச்சேன்."

விஷயம் இதுதான். ஸ்னோபோர்டில் இரண்டு காலும் ஒரே பலகையில், பக்கவாட்டில் நிற்கும். பூட்ஸைப் பலகையோடு பிடித்துவைப்பது பைண்டிங். அதன் அடியில் ஒரு வட்டத் தட்டு. பெரும்பாலான தட்டுகளில் 3 டிகிரிக்கு ஒரு கோடு. பாதம் பலகைக்கு நேர்குறுக்கே இருந்தால் பூஜ்யம். விரல்கள் பலகையின் மூக்கைப் பார்க்கத் திரும்பினால் பிளஸ், வாலைப் பார்க்கத் திரும்பினால் மைனஸ். முன்னங்கால் 15, பின்னங்கால் மைனஸ் 15 என்று இரண்டையும் வெளிப்பக்கம் விரித்து நிற்பதற்கு வாத்து நிலை என்று பெயர். இவ்வளவுதான் சாஸ்திரம். இதை வைத்துக்கொண்டு ஒரு மனிதர் ஆயுள் முழுவதையும் ஓட்ட முடியும்.

நம் ஆசாமி விழுந்தால் பனியைக் குறை சொல்ல மாட்டார், தன்னையும் சொல்ல மாட்டார். எழுந்ததும் அவர் கண் தட்டுக்குத்தான் போகும். "முன்னாடி மூணு டிகிரி ஜாஸ்தி." அடுத்த காட்சி, லிஃப்ட் இறங்கும் இடத்துக்குப் பக்கத்தில். ஒரு கையுறையைப் பல்லில் கடித்துக்கொண்டு, சிவந்துபோன விரல்களால் ஸ்டார் ஸ்க்ரூ டிரைவரை அழுத்திப் பிடித்து, நாலு ஸ்க்ரூவையும் தளர்த்துவார். தட்டை ஒரு கோடு நகர்த்துவார். ஒற்றைக் கண்ணை மூடிப் பார்ப்பார். திரும்பப் பழைய கோட்டுக்கே கொண்டுவருவார். இதற்குள் ஒரு ஸ்க்ரூ பனியில் விழுந்திருக்கும். கூட வந்தவர்கள் கீழே போய்ச் சாப்பிட்டு முடித்து, இரண்டாவது காபிக்குச் சொல்லும்போது அவர் இன்னும் பனியை இரு கையாலும் அள்ளிச் சலித்துக்கொண்டிருப்பார். கிடைக்காவிட்டால் கவலை இல்லை. சட்டைப் பையில் உதிரி ஸ்க்ரூ எப்போதும் இருக்கும். சாப்பாட்டுக்குக் காசு சில நாள் இருக்காது.

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்று சொல்லிச் சிரிக்க அவசரப்படாதீர்கள். இவருக்கு ஆடவும் தெரியும், கோணலும் நிஜம்தான். குந்தும்போது முட்டி பாதத்தின் விரல்கள் போகும் திசையிலேயே போக வேண்டும். இடுப்பு இயல்பாக வெளிப்பக்கம் திரும்பாத ஒருவரை மைனஸ் 15-இல் நிறுத்தினால் பாதம் ஒரு பக்கம் போகும், முட்டி உள்பக்கம் சாயும்; சாயங்காலம் படி இறங்கும்போது வலி கணக்குக் கேட்கும். ஓட்டும் பாணியும் ஆளுக்கு ஆள் மாறும். பனித்திடலில் குதித்து, இரண்டு காலில் எதையும் முன்னால் வைத்து ஓட்டும் பையன்களுக்கு வாத்து நிலை சௌகரியம். பலகையின் விளிம்பால் சரிவை வெட்டிக்கொண்டு போகிறவர்கள் இரண்டு காலையுமே முன்னோக்கித் திருப்பிவிடுவார்கள். கெட்டி பூட்ஸ் போட்டுப் பந்தயம் ஓடுகிறவர்கள் 50, 60 டிகிரி வரைக்கும் போவதுண்டு. ஸ்கீக்காரர்களை மட்டும் அவர் இரக்கத்தோடு பார்ப்பார். இரண்டு காலும் நேர் முன்னால். தேர்ந்தெடுக்க ஒன்றுமே இல்லாத வாழ்க்கை.

1965-இல் மிஷிகனில் ஷெர்மன் பாப்பன் என்பவர் தம் மகள்களுக்காக இரண்டு ஸ்கீக்களை ஒன்றாக இணைத்துச் செய்த 'ஸ்னர்ஃபர்'தான் இந்த வம்சத்தின் பாட்டன். பிறகு கடைகளில் விற்ற ஸ்னர்ஃபரில் பைண்டிங்கே கிடையாது. மூக்கில் ஒரு கயிறு கட்டியிருக்கும், அதைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான். அந்தக் காலத்தில் நம் ஆசாமி என்ன செய்திருப்பார் என்று யோசித்துப் பார்த்தேன். கயிற்றின் நீளத்தை அளந்துகொண்டிருந்திருப்பார். இப்போதோ, ஸ்னோபோர்டு செய்யும் பர்ட்டன் கம்பெனிக்காரர்கள் பலகையின் நீளவாக்கில் 'சேனல்' என்று ஒரு பள்ளம் வைத்து, கோடுகளின் கட்டுப்பாடே இல்லாமல் எந்தக் கோணத்திலும் பைண்டிங்கை நிறுத்தலாம் என்று செய்திருக்கிறார்கள். அதை மட்டும் வாங்கிவிடாதே என்று நண்பர்கள் அவரைக் கெஞ்சிக்கொண்டிருக்கிறார்கள்.

அடுத்தவர் காலென்றால் ஆசாமி வேறு மனிதர். வாடகைப் பலகையில் வந்த ஒரு பெண் முட்டியைத் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கடையில் எல்லோருக்கும் ஒரே அளவுதான், வாத்து நிலை. இவர் அவளைப் பூட்ஸோடு எழுந்து நிற்கச் சொன்னார். "யோசிக்காம ஒரு தடவ குதிங்க." குதித்தாள். பாதங்கள் பனியில் பதிந்த தடத்தைப் பார்த்தார்: வலது பாதம் கிட்டத்தட்ட நேராக இருந்தது, இடது மட்டும் கொஞ்சம் திரும்பியிருந்தது. "கால் தானாவே சொல்லிடுச்சு பாருங்க." முன்னங்கால் 15, பின்னங்கால் மைனஸ் 3. ஸ்க்ரூக்களைக் குறுக்கு மாறாக இறுக்கி, கையால் அசைத்துப் பார்த்துக் கொடுத்தார். ஐந்து நிமிட வேலை. அவள் ஒரு சுற்று போய்வந்து கட்டைவிரலை உயர்த்திக் காட்டினாள். ஒரு ஸ்க்ரூகூடப் பனியில் விழவில்லை.

தன் காலுக்கு அந்தச் சோதனையை ஏன் செய்துகொள்வதில்லை என்று கேட்டேன். செய்தாராம். ஒவ்வொரு தடவை குதிக்கும்போதும் ஒவ்வொரு மாதிரி விழுகிறதாம். குதிக்கும்போதே கீழே குனிந்து பார்த்தால் வேறு எப்படி விழும்!

அவர் மனைவி அவரைவிட நன்றாக ஓட்டுவார். அவருடைய பைண்டிங், பலகை வாங்கிய அன்று கடைக்காரர் திருகிக் கொடுத்ததுதான். எத்தனை டிகிரி என்றுகூட அவருக்குத் தெரியாது, தெரிந்துகொள்ளவும் விருப்பமில்லை. ஒருநாள் ஆசாமி அந்தப் பலகையைத் தன் பக்கம் இழுத்துப் பார்த்திருக்கிறார். 15, மைனஸ் 9. ரகசியம் கிடைத்துவிட்டது என்று தன்னுடையதையும் அதே கோடுகளில் வைத்துக்கொண்டு கிளம்பினார். ஒரு முழுக் காலைப்பொழுது ஸ்க்ரூ டிரைவர் வெளியே வரவில்லை. கூட வந்தவர்களுக்கு நம்பவே முடியவில்லை. மதியம் போய்ப் பார்த்தால் கையுறை மறுபடி பல்லில் இருக்கிறது.

"என்னாச்சு?"

"அவ கால் வேற, என் கால் வேற" என்றார், கையுறையை எடுக்காமலேயே.